படிக்கட்டின் கீழே நின்ற மகனுக்கு

அன்பு மகன் கதிரேசனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுகமாகிவிடுகிறது. தியேட்டருக்குப் போகிறோம் என்றால் எனக்கு முன்னால் ரோட்டுக்கு இறங்கி, கொடகவெலயிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறாள். கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றால்தான் அந்த முழங்காலுக்கு நடக்கத் தெரியாது. நீ போன் எடுக்கும்போது அவள் சொல்லும் நோய்க் கதையில் பாதியை நம்பு, போதும்.

எதற்கு இந்த மனிதன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். நீ என் கையெழுத்தைக் கடைசியாகப் பார்த்தது உன் ரிப்போர்ட் கார்டில்தான் இருக்கும். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உனக்கு எடுத்தேன். "சொல்லுங்கப்பா, சீக்கிரம் சொல்லுங்க, வேலையில நிக்கிறேன்" என்றாய். நான் சொல்ல வந்தது சீக்கிரமாகச் சொல்லக்கூடிய விசயம் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்ததை நீ கொழும்பில் பஸ் ஏறுவதற்குள் சொல்லி முடிக்க எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம். மருமகள் ரேணுகாவும் படிக்கட்டும். பேத்தி கவிஷ்கா எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது வந்ததும் அவளிடமும் கொடு. இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்ததுதான் பிழையாகப் போயிற்று.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். அப்பன் மகனுக்கு நன்றி சொல்வது நம் வீட்டு வழக்கம் இல்லை, தெரியும். நீ பெரிய டிவி வாங்கித் தந்தாய், அதன் மேல் உன் அம்மா துணி மூடி வைத்திருக்கிறாள். சாய்கிற நாற்காலி அனுப்பினாய், அதில் பூனை படுக்கிறது. ஆனால் போன வருசம் பெல்மதுளையில் அந்தப் பழைய தியேட்டரைத் திருத்தித் திறக்கிறார்களாம் என்று நீதான் முதலில் செய்தி அனுப்பினாய். "அப்பாவுக்குப் படப் பைத்தியமாச்சே, அம்மாவ கூட்டிக்கிட்டுப் போங்க" என்று முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட்டையும் நீயே எடுத்துக் கொடுத்தாய். மகனே, ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த சந்தோசங்களில் அதற்குத்தான் முதல் இடம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டி ஓட்டி இடுப்பு போனவனுக்கு மூன்று மணிநேரம் குந்தியிருந்து பிறத்தியார் கஷ்டத்தைப் பார்த்து அழுவதைப் போல வைத்தியம் வேறு இல்லை.

நீ வேலைக்குப் போன காலத்தில் அந்தக் கட்டடம் சீமெந்து ஸ்டோர். அதற்கப்புறம் வௌவாலுக்கு விட்டிருந்தார்கள். இப்போது பழைய முதலாளியின் மகள் வந்து, இடிக்காமல், இருந்ததை இருந்தபடியே எழுப்பியிருக்கிறாள். ஒரு கை மட்டும் நுழைகிற அந்த டிக்கெட் பொந்து அப்படியே இருக்கிறது. பல்கனியின் மர அழிகளுக்கு மெருகு போட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு வாங்கு ஒன்றை ஞாபகத்துக்காக ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். நான் போனதும் அதில் ஒரு நிமிசம் உட்கார்ந்து பார்த்தேன், மூட்டைப்பூச்சி இல்லாததுதான் குறை. படம் காட்டுகிற பழைய மெசினைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, உள்ளே ஏதோ கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார்கள். ஆனாலும் சிவப்புத் திரை அந்தக் காலத்து மாதிரியே பாட்டோடு மெல்ல மேலே ஏறுகிறது. முதல் நாள் அது ஏறும்போது உன் அம்மா என் கையைப் பிடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் முன்னால், ஊர் முன்னால் பிடிக்காத கை. இருட்டு என்றால் துணிச்சல் வந்துவிடுகிறது மனிதருக்கு.

ஒரு ஞாயிறு பழைய தமிழ்ப் படம், மறு ஞாயிறு பழைய சிங்களப் படம், மூன்று மணிக் காட்சி. நாங்கள் இரண்டுக்கும் போகிறோம். உன் அம்மா படம் பார்ப்பதைப் பார்ப்பதற்கே தனி டிக்கெட் போடலாம். "அடியே, கதவ தொறக்காத, அவன் அங்கதான் நிக்கிறான்" என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்வாள். கேட்காமல் கதவைத் திறந்தால், "சொன்னா கேக்குற சாதியா இது" என்று என்னிடம் முறையிடுவாள். எனக்கு அந்தப் பக்கத்துச் சீட்டில் எப்போதும் பியசேன. மாணிக்கக் குழியில் வேலை செய்து காது பாதி போன மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூப்பு, என்னை 'மல்லி' என்று தம்பியாக்கிக்கொண்டார். அவருக்குத் தமிழில் ஒரு வசனம் விளங்காது. பாட்டு மட்டும் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை தெரியும், சொல்லெல்லாம் உடைந்து போய் அவருக்கு வசதியான ஒரு பாசையில். வசனம் வந்தால் என் விலாவில் இடிப்பார், நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். காது மந்தம் என்பதால் சத்தமாகவே சொல்ல வேண்டும். இப்போது முன்வரிசை, பின்வரிசை எல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டுதான் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். சிங்களப் படத்து ஞாயிறுகளில் அவர் எனக்குப் பாடம் எடுப்பார். தோட்டத்தில் ஒரு நாளும் கிடைக்காத மரியாதை எனக்கு அந்த வரிசையில் கிடைக்கிறது.

இத்தனையும் சொன்னேன், ஒன்றைச் சொல்லவில்லை. பல்கனிக்கு ஏறுகிற படிக்கட்டு இரண்டு, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இந்த ஒரு வருசத்தில் நான் இடப்பக்கத்துப் படிக்கட்டுக்குக் கிட்டப் போனதே இல்லை. கக்கூசு அந்தப் பக்கம். இருந்தும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இப்போது போன மாதம் நீங்கள் மூன்று பேரும் வந்தீர்களே, அந்த ஞாயிற்றுக்கு வருகிறேன். நான் எவ்வளவு குதித்தேன் என்று உனக்குத் தெரியும். பேத்தியை அந்தத் தியேட்டரில் உட்கார வைத்துப் படம் காட்டப் போகிறேன் என்று பக்கத்து வீடு எதிர்த்த வீடு எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். படத்தில் அந்தத் திருடன் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்க, பொலிஸ்காரர் கட்டிலுக்கு மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கவிஷ்காவால் பொறுக்க முடியவில்லை. சீட்டில் ஏறி நின்று, "அப்பா! அங்க பாருங்கப்பா! கட்டிலுக்கு அடியில!" என்று கத்தினாள். எப்படிப்பட்ட குரல் அவளுக்கு. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்த் திரும்பினேன்.

நீ அவள் வாயைப் பொத்தினாய். அதட்டவில்லை, அடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். சட்டென்று கை போயிற்று. அதற்கப்புறம் நீ திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாய், யார் யார் கேட்டார்கள் என்று. யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. முன்னால் இருந்த சிங்களத்து அம்மா திரும்பிச் சிரித்து அவளுக்கு ஒரு டொபி கூடக் கொடுத்தாள். "டவுன்ல சத்தம் போடக் கூடாது கவி" என்று நீ அவள் காதில் சொன்னாய். அதிலிருந்து பஸ் ஏறும்வரை அவளோடு சிங்களத்தில்தான் பேசினாய். சிங்களம் பேசுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை, நான் பேசாத சிங்களமா? ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். அது உன் கை இல்லை மகனே, என் கை. அது உனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அப்போது ஆறு வயது. உன் தங்கச்சி பிறந்து பதினைந்து நாள், உன் அம்மா தாய் வீட்டில் இருந்தாள். காலம் மோசமான காலம். எங்கேயாவது குண்டு வெடித்தது என்று ரேடியோவில் சொன்னால் இங்கே நாம் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோம். அதற்குப் பல வருசம் முன்னால் கலவரத்தில் நம் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது நான் தேயிலைக்குள் ஓடி ஒளிந்து அதைப் பார்த்தவன். அந்தப் பயம் எனக்குள்ளேயே இருந்தது, பொய்யாகப் பயந்தேன் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவன் வீட்டில் இருக்க வேண்டும். எனக்குப் பயமும் இருந்தது, படப் பைத்தியமும் இருந்தது. பெல்மதுளையில், இதே தியேட்டரில், பழைய தமிழ்ப் படம் ஒன்று திரும்பவும் ஓடியது. உன்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் வைத்து உனக்குப் பாடம் சொன்னேன். "டவுன்ல என்னைய அப்பான்னு கூப்பிடக் கூடாது. தாத்தேன்னு கூப்பிடணும், சிங்களப் புள்ளைக அவுங்க அப்பாவ கூப்பிடுற மாதிரி. யாராச்சும் பேரு கேட்டா சுனில்னு சொல்லு. வெளங்குச்சா?" நீ தலையாட்டினாய். மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாய். நம் ஆட்களில் அந்தக் காலத்தில் நிறையப் பேர் பிள்ளைகளுக்கு இப்படித்தான் டவுனுக்கு ஒரு பெயர், டவுனுக்கு ஒரு அழைப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். பொட்டை அழித்துவிட்டுத்தான் பொம்பளைகள் பஸ் ஏறுவார்கள். நானும் கெட்டிக்காரத்தனம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் தியேட்டர் நிறையச் சிங்கள ஆட்கள், தமிழ்ப் படத்துக்கு. திரையில் ஆளுக்கு ஆள் தமிழில் கத்துகிறார்கள், அழுகிறார்கள், அம்மா என்றும் அப்பா என்றும் கூரை பறக்கக் கூப்பிடுகிறார்கள். கீழே நானும் நீயும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் இருக்கும் கோமாளித்தனம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இடைவேளையில் உன்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டு இறால் வடை வாங்கப் போனேன். கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. வடையோடு திரும்பினால் சுவர்தான் இருக்கிறது, நீ இல்லை. மகனே, அந்த நிமிசத்தை எப்படிச் சொல்வது. வாயைத் திறந்தேன். 'கதிரேசா' என்று வர வேண்டிய இடத்தில் வரவில்லை. கடைசியில், "சுனில்! சுனில்!" என்று கூப்பிட்டேன். மூன்று சுனில்கள் திரும்பினார்கள், மூன்றுபேருக்கும் அப்பன்மார் பக்கத்திலேயே இருந்தார்கள். நீ திரும்பவில்லை. உன் பெயர் சுனில் இல்லையே, நீ எப்படித் திரும்புவாய்?

இடப்பக்கத்துப் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தாய். கடலை விற்கிற சிங்களத்து அம்மா ஒருத்தி உனக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நீ களிசானோடு மூத்திரம் போயிருந்தாய். அவள் தன் துணியால் காலைத் துடைத்துவிட்டு, உன் கையில் கடலைச் சுருளைக் கொடுத்திருந்தாள். நீ அதைத் தின்னாமல், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்த வழியாக இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் நீ என்னைப் பார்த்திருக்கிறாய். நான் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ஏன்டா கூப்பிடல?" என்று கேட்டேன். நீ என் காதோடு வாயை வைத்துச் சொன்னாய்: "அந்தச் சொல்லு மறந்து போச்சு. மத்தத நீங்க கூப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்க."

இதோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த அம்மா எழும்பி என்னைப் பார்த்து, பாவம் இந்தப் பிள்ளை, எவ்வளவு கேட்டும் பேர் சொல்லவில்லை என்றாள். "மே லமயாட்ட கதா கரன்ன பெரித?" என்று கேட்டாள். இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராதா என்று. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவளால் ஒரு ஆபத்தும் வராது. நான் "பே அம்மே" என்றேன். வராதம்மா. அதோடும் நிறுத்தவில்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று சேர்த்துச் சொன்னேன். உனக்கு அப்போதே சிங்களம் விளங்கும். லயத்துக்குக் கீழே இருந்த கிராமத்துப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் விளையாடுகிறவன் நீ. என்னைப் பார்த்தாய். மறுக்கவில்லை, அழவில்லை. அப்பா சொல்லிவிட்டார் என்று ஏற்றுக்கொண்டாய்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கடிதமாகிவிடும். அப்புறமும் நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஈரக் களிசானோடு உன்னை மடியில் வைத்துக்கொண்டு மீதிப் படத்தையும் பார்த்தேன். அந்தப் படம் இன்றைக்கு ஞாபகத்தில் இல்லை, ஒரு காட்சிகூட இல்லை. உன் எடை மட்டும் மடியில் இருக்கிறது. பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் பாதை ஏறி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கிட்ட வந்ததும் என் சாரத்தைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, இப்பப் பேசலாமா?" என்று கேட்டாய்.

நான் பதில் சொல்லவில்லை. உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படத்தில் வந்த பகிடிக்காரனைப் போல நடந்து காட்டினேன். நீ சிரித்தாய். சரி, பிள்ளை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. நீ மறந்தாயோ என்னவோ, உன் வாய் மறக்கவில்லை. தோட்டத்துக்குள் கலகலவென்று பேசுகிறவன், பஸ் ஏறினால் கல்லாகிவிடுவாய். வருசா வருசம் ரிப்போர்ட் கார்டில் 'அமைதியான மாணவன்' என்று எழுதி அனுப்புவார்கள். நான் அதைப் பெருமையாக எல்லாருக்கும் வாசித்துக் காட்டிக் கீழே கையெழுத்துப் போடுவேன். எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது விளங்குகிறது.

நீங்கள் கொழும்புக்குத் திரும்பிய மறுநாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். இரண்டு நாள் பேச்சு இல்லை, தேத்தண்ணி மட்டும் டொக்கென்று மேசையில் வரும். மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றாள். "ஊமைன்னா சொன்னீங்க? எம் புள்ளயவா?" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. "வாற ஞாயித்துக்கெழம போயி அதே எடத்துல நின்னு அவன் பேர சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு வந்து எங்கிட்ட பேசுங்க." நான், அது சிங்களப் படத்து ஞாயிறு என்றேன். "இருக்கட்டுமே, அவுகளுக்கும் காது இருக்குல்ல" என்றாள்.

போனேன். படம் நல்ல படம், பியசேன விலாவில் இடித்து இடித்து ஏதோ சொன்னார், ஒன்றும் ஏறவில்லை. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் எழும்பி இடப்பக்கத்துப் படிக்கட்டுக்குப் போனேன். தரைக்குச் சிவப்பு சீமெந்து போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு அதேதான். அதன் கீழே உள்ள மூலையும் அதேதான், நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன மூலை. உன் அம்மா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை, "கதிரேசா!" என்று வந்தது. லொறி ஹோர்ன் மாதிரி வந்தது. ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தங்கள் வடையைத் தின்னப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். முப்பது வருசமாக நான் பயந்த சத்தத்துக்கு அந்தக் கூட்டம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பியசேன மட்டும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் காதுக்கே கேட்டிருக்கிறது. "கவுத நெதி வுணே மல்லி?" யார் தொலைந்தது என்றார். "மகே புத்தா" என்றேன், என் மகன் என்று. வயது என்ன என்று கேட்டார். என் வாயில் வந்ததைச் சொல்கிறேன், கேள்: ஆறு என்றேன். மனிதர் ஒன்றும் யோசிக்கவில்லை. போனில் டோர்ச்சைப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, படிக்கட்டின் கீழே தேடினார். "என்ன பேர்?" என்று கேட்டு, "கதிரேஸன்! புத்தே கதிரேஸன்!" என்று தன் உடைந்த தமிழில் அவரும் கூப்பிட்டார். உன் பெயரை அந்த மண்டபத்தில் இரண்டு கிழவன்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டோம் மகனே. அப்புறம்தான் அவரைப் படியில் உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். மீதிப் படம் போயிற்று, இந்தத் தடவை நான் பார்க்கவில்லை. கேட்டு முடித்து அவர் என் முதுகில் ஒரு அடி வைத்தார், பலமான அடி. அடுத்த தமிழ்ப் படத்துக்கு உன்னைக் கூட்டிவரச் சொன்னார்.

அந்தக் கடலைக்கார அம்மாவைப் பற்றி அங்கே கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. பெயர்கூட எனக்குத் தெரியாது. பிள்ளையின் காலைத் துடைத்துவிட்டவளுக்கு ஒரு பொய்யைத்தான் கொடுத்து அனுப்பினேன். அவள் இருந்தால் கவிஷ்காவைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்திப் பேசவிட்டிருப்பேன். இல்லாததால் அவளுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை நான் உன்னிடம் தருகிறேன், நீ யாருக்காவது கொடு. உனக்கும் நன்றி. ஆறு வயதில் அப்பாவைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு நின்றாயே, அதற்கு. இப்படி ஒரு அப்பனுக்குப் பிறகும் டிக்கெட் வாங்கி அனுப்பினாயே, அதற்கும். அன்றைக்கு நான் உன் பெயரைக் கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கத்தாததற்கு என்னை நானே மன்னித்துவிட்டேன். ஊமை என்று சொன்னதற்கு மன்னிக்க எனக்கு உரிமை இல்லை, அது உன் கையில் இருக்கிறது.

ஊரில் கவனமாக இரு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காலம் திரும்பாது என்று யார் சத்தியம் செய்ய முடியும்? ஆனால் பயத்தைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்காதே. அது நான் கொடுத்தது, உன்னோடு முடியட்டும். அவள் வாயில் இனிக் கையை வைக்காதே. அவள் சீட்டில் ஏறி நின்று கட்டிலுக்கு அடியில் திருடனைக் காட்டட்டும். பின்வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு தமிழ்ப் படம். மூன்று பேருமாக வாருங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன். இடைவேளையில் நீ போய் அந்தப் படிக்கட்டின் கீழே நில், வெட்கப்படாமல். நான் கதவோரத்தில் நின்று உன்னைக் கூப்பிடுவேன், உன் சொந்தப் பெயரைச் சொல்லி. நீ பதிலுக்கு என்னைக் கூப்பிடு, உனக்கு மறந்து போகாத அந்தச் சொல்லால். மடுவத்துக்குக் கிட்ட நீ என் சாரத்தை இழுத்துக் கேட்டாயே, அந்தக் கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன். பேசலாம்டா கதிரேசா. இப்பப் பேசலாம்.

அப்பா